நாலு கிலோமீட்டர் ஆபீஸும் ஆரஞ்சு விளக்கும்

வீட்டிலிருந்து ஆபீஸ் நாலே கிலோமீட்டர். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் காருக்கு அது ஆகாது என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. எட்டாவது மாதம் டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு: டிபிஎஃப்பில், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டரில், கரி அடைத்திருக்கிறது. அது எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்; சிக்னலுக்குச் சிக்னல் நின்றால் எங்கே ஏறும்?

சர்வீஸில் ஃபில்டரையே மாற்றச் சொன்னார்கள். சரி, முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்று ஞாயிறு விடியற்காலை தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில், நாலாவது கியரிலேயே, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் போனேன். செங்கல்பட்டு நெருங்கும்போது விளக்கு அணைந்தது. இறங்கினால் காருக்கடியில் அனல், ஃபேன் இரைச்சல் வேறு.

அப்புறம் எஞ்சின் ஆயிலையும் கவனித்தேன். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில்தான். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை திண்டிவனம், மாமனார் வீடு. மனைவிக்கும் சந்தோஷம்.