கஞ்சியில் ஒரு பங்கு பயறு

சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, வயலின் ஈரம் காயுமுன் உளுந்தையும் பச்சைப் பயறையும் விதைத்துவிடுவது தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளின் வழக்கம் என்றாலும், விளைந்ததெல்லாம் வியாபாரியிடம் போய்விட, கூலி வேலைக்குச் செல்லும் பல வீடுகளில் குழந்தையின் கிண்ணத்தில் வெறும் சோற்றுக் கஞ்சியே மிஞ்சுகிறது. பயறு எடுக்கும் நாளில் இரண்டு படியையாவது வீட்டுக்கென்று ஒதுக்கிவைப்பது நல்லது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு என்று தனித்தனியே வறுத்து, மாவாக அரைத்து வைத்துக்கொண்டால், 6 மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமலேயே, கரண்டியிலிருந்து வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாகக் கிண்டி, அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து ஊட்டலாம்; நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது.

தாய்க்கு முருங்கைக்கீரை. கொல்லையிலேயே கிடைப்பதால்தான் அதற்கு மதிப்பில்லை போலும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து கூடுதலாக உடலில் சேரும். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் தேநீர் அதைத் தடுப்பதால், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் வீட்டில் எல்லோருக்கும் உருண்டையாகிவிடாமல், தாய்க்கென்று தந்ததைத் தாயே உண்ணட்டும்.