வானிலை வரைபடங்களைக் கிளிக்கரால் மாற்றப் பழகுவது எப்படி?

பிபிசி தொலைக்காட்சியில் 1954 ஜனவரி 11 அன்று ஜார்ஜ் கௌலிங் முதன்முதலாகத் திரையில் தோன்றி வானிலை கூறினார். பின்னர், 1985இல் கணினி வரைபடங்கள் வரும்வரை, அங்குள்ள அறிவிப்பாளர்கள் மேகத்துக்கும் மழைக்கும் உரிய காந்த வில்லைகளைப் பலகையில் ஒட்டி விளக்கி வந்தார்கள். இன்று பல நிலையங்களில் அறிவிப்பாளரின் பின்னால் இருப்பது வெறும் பச்சைச் சுவர்தான். வரைபடங்களை மாற்றுவது அவர் உள்ளங்கையில் அடங்கிய கிளிக்கர். இக்கலையை வீட்டிலேயே பழகலாம்.

முதல் படி, கருவியை இணைப்பது. ஸ்லைடு காட்டப் பயன்படும் சாதாரணக் கிளிக்கரே போதும். அதன் ரிசீவரை யுஎஸ்பி துளையில் செருகியதும் கணினி அதை ஒரு விசைப்பலகையாகவே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, லாஜிடெக் ஆர்400 கருவியின் முன்செல்லும் பொத்தான் பேஜ் டவுன் விசையின் வேலையைச் செய்கிறது. ஆகவே படங்கள் ஓடும் சாளரமே அப்போது செயலில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, படங்களை வரிசைப்படுத்துவது. செயற்கைக்கோள் படம், காற்றழுத்த வரைபடம், மழை, வெப்பநிலை, வரும் நாள்கள் என்று ஐந்து போதும். வானிலை அறிவிப்பாளர்கள் பெரும்பாலும் எழுதிவைத்ததை வாசிப்பதில்லை. அடுத்த படம்தான் அடுத்த பேச்சுக்கான குறிப்பு. எனவே வரிசை மனப்பாடமாக வேண்டும். நகரும் படம் இருந்தால், அதை ஓடவிட ஓர் அழுத்தமும் கடக்க இன்னோர் அழுத்தமும் தேவைப்படலாம் என்பதால், படங்களை அல்ல, அழுத்தங்களையே எண்ணிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பச்சைத் திரை. காட்சிகளைக் கலந்து பதிவுசெய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் படங்களின் சாளரத்தைக் கீழேயும் கேமராவை மேலேயும் அடுக்கி, பச்சை நிறத்தை மட்டும் மறையச்செய்யும் குரோமா கீ வடிகட்டியைக் கேமராவுக்குச் சேருங்கள். பச்சை ஆடையும் பச்சைக் கிளிக்கரும் கூடாது. அவை இருக்கும் இடத்தில் வரைபடம் தெரியும். உங்களைக் காட்டும் மானிட்டர் கண்ணாடியைப் போல இடவலம் மாற்றிக் காட்டாது என்பதால், கிளிக்கரைத் தொடுவதற்கு முன் வெறுங்கையால் ஊர்களைச் சுட்டிப் பழகுவது நல்லது.

நான்காவது, பிடிக்கும் முறை. வரைபடத்திலிருந்து விலகியுள்ள கையில் கிளிக்கரை வைத்து, அருகிலுள்ள கையால் சுட்டுங்கள். பார்க்காமலேயே தடவி அறியும்படி, முன்செல்லும் பொத்தானில் சிறு நாடாத் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கடினமானதும் என் கருத்தில் மிக முக்கியமானதும் நேரம் பார்த்து அழுத்துவதுதான். மழையைப் பற்றிய வாக்கியத்தின் கடைசிச் சொல்லோடு கட்டைவிரல் அழுந்த வேண்டும்; புதிய படம் வந்துவிட்டதை மானிட்டரில் ஓரக்கண்ணால் உறுதிசெய்தபின் வெப்பநிலையைப் பேசத் தொடங்க வேண்டும். படம் மென்பொருளின் கலவையைக் கடந்து மானிட்டருக்கு வரச் சிறிது தாமதம் ஏற்படலாம். பொறுமையிழந்து மறுமுறை அழுத்தினால் ஒரு படம் தாண்டிப் போய்விடும். அப்படித் தாண்டினால், பேச்சை நிறுத்தாமல் பின்செல்லும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். படம் நகரவே இல்லையென்றால், இருக்கும் வரைபடத்தைப் பற்றியே இன்னும் இரண்டு வாக்கியம் பேசும் பயிற்சியும் வேண்டும்.

பழகும்போது பதிவுசெய்து, அதை ஒலியில்லாமல் ஒருமுறை பாருங்கள். எங்கே அழுத்தினீர்கள் என்பது கையிலோ தோளிலோ தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் மீண்டும் பழகுங்கள்.