போர்ட் போடுவதற்கு முன்னால்: டவர் தேடும் வட சென்னைவாசிகள் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அம்மாவுக்கு போன் வந்தால், எடுத்துக்கொண்டு நேராக மூன்றாவது மாடிக்கு ஏறும் படிக்கட்டுக்குப் போவார். கீழிருந்து எண்ணினால் ஆறாவது படி. அங்கே உட்கார்ந்தால்தான் பேச்சு அறுபடாது. ஒருநாள் கடுப்பாகி அவர் நம்பரை வேறு கம்பெனிக்கு போர்ட் போட்டுவிட்டேன், அதாவது நம்பர் அதேதான், கம்பெனி மட்டும் வேறு. புது சிம் வேலைசெய்ய ஆரம்பித்த மறுநாள் சாயங்காலம் அம்மாவைத் தேடினால், அதே ஆறாவது படி. "இதுலயும் இங்கதான்டா டவர் எடுக்குது!"

ஆத்திரத்தில் போர்ட் போடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு. போர்ட் போடுவது எளிது என்பதே அதில் வம்பு. PORT என்று அடித்து நம்பரைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் புது கம்பெனியிடம் கொடுக்க எட்டு எழுத்துக் குறியீடு வந்துவிடும், நம் மாநிலத்தில் அது நான்கு நாள் செல்லும். மாறிய பிறகுதான் கணக்கு தெரியும். பழைய கம்பெனியில் போட்ட ரீசார்ஜில் மிச்சமிருந்தால் அது போனது போனதுதான். அம்மாவின் 84 நாள் பேக்கில் பாதிக்கு மேல் அப்படியே போனது. அடுத்து, புது இடத்தில் 90 நாள் முடியாமல் வேறெங்கும் மாற முடியாது.

மாறுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் இரண்டு பேரை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். டீ கொடுங்கள். சமையலறையிலும், கட்டில் கிடக்கும் மூலையிலும் நின்று ஒரு கால் பேசச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்பதைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வரைபடமாகப் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி கொண்டுவந்தது, அதையும் பாருங்கள். ஆனால் வரைபடம் காட்டுவது தெருவை. உங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

"நாலு கோடு இருக்குபா, ஆனா நெட்டு சுத்திக்கினே இருக்கு" என்ற புலம்பலை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டில் நின்றால் கேட்கலாம். வஞ்சிரத்துக்கு விலை பேசி முடித்து, ஜிபே திறந்தால் வட்டம் சுற்றும். மீன்காரம்மா முறைப்பார். அது டவர் இல்லாத குறை இல்லை, ஒரே டவரை ஆயிரம் பேர் இழுக்கும் நெரிசல். கோடு காட்டுவது டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும். உங்கள் பங்குக்கு எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது. இரண்டும் வேறு வியாதி, மருந்தும் வேறு. நெரிசல் என்றால் 5ஜியிலிருந்து 4ஜிக்கோ, அங்கிருந்து இங்கோ மாற்றிப் பாருங்கள், சில நேரம் வழி கிடைக்கும். மார்க்கெட்டுக்கு நான் இப்போது காசாகவே எடுத்துப் போகிறேன், அது வேறு கதை.

கோட்டை நம்பாமல் எண்ணைப் பார்க்கப் பழகுங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே, போனைப் பற்றிய பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் என்று இருக்கும். அங்கே சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாக வரும். 4ஜியில் -85, -90 என்றால் ஜம்மென்று பேசலாம். -110 தாண்டினால் திணறும். -120 பக்கம் போனால் படிக்கட்டுதான்.

வீட்டுக்குள் எண் ஏன் விழுகிறது? நம் பக்கம் 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் தரும், ஆனால் கான்கிரீட் சுவரைத் துளைப்பதில் சோப்ளாங்கி. தகர ஷீட் கூரை என்றால் எந்த அலையும் மோதித் திரும்பும். உள்ளே நுழையும் கொஞ்சநஞ்ச 5ஜியைப் பிடிக்கிறேன் என்று போன் 4ஜிக்கும் அதற்கும் தாவிக்கொண்டே இருந்தால், பேட்டரி சாயங்காலத்துக்குள் காலி. வீட்டில் இருக்கும்போது 4ஜியில் நிறுத்தி வைப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஃபைபர் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது, வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், சாதாரண கால் வைஃபை வழியாகப் போகும். பல வீடுகளில் வைஃபை இருக்கிறது, ஆனால் இந்த ஒரு பொத்தானைத் தட்டாமல் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள்.

ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டர் பக்கம் போகவே போகாதீர்கள். அனுமதி இல்லாமல் மாட்டுவது சட்டவிரோதம், அக்கம்பக்கத்து நெட்வொர்க்கையும் அது கெடுக்கும்.

அப்கிரேடு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "உங்க சிம்ம 5ஜிக்கு மாத்தணும், பின்னாடி இருக்கிற இருபது நம்பரச் சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். 5ஜி கொடுக்கும் பெரிய கம்பெனிகளில் 4ஜி சிம்மே 5ஜிக்குப் போதும். அந்த இருபது நம்பரை வாங்குவது உங்கள் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டு பேங்க் ஓடிபியைப் பிடிப்பதற்காக.

சிம் உண்மையிலேயே கெட்டுப்போய் மாற்றினாலும் நாள் பார்த்து மாற்றுங்கள். புது சிம் உயிர்பெற்றதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கரண்ட் பில்லுக்கோ காலேஜ் ஃபீஸுக்கோ கடைசி நாள் அன்று காலையில் சிம் மாற்றினால் ஓடிபிக்கு எங்கே போவது? 2024 ஜூலையிலிருந்து இன்னொன்றும் உண்டு, தொலைந்த அல்லது கெட்ட சிம்மை மாற்றினால் ஏழு நாள் கழியும்வரை போர்ட் குறியீடு கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த போன் தங்கமாக மின்னலாம். அந்த மாடலுக்கு இங்கே வோல்ட்டீ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) வேலைசெய்கிறதா என்று சிம் போட்டுப் பேசிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். 4ஜி, 5ஜி மட்டுமே உள்ள நெட்வொர்க்கில் வோல்ட்டீ இல்லாத போனில் நெட் ஓடும், கால் போகாது.

ரோமிங்குக்கு வருவோம். நம் பக்கத்துக்காரர்களுக்கு அடுத்த மாநிலம் கூப்பிடு தூரம். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. தடாவில் வேலைக்குப் போகிற பையன்கள் சிலர் "பார்டர் தாண்டினா நெட்டு கட்டாயிடுது" என்பார்கள். காசு போகுமோ என்ற பழைய பயத்தில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். நாட்டுக்குள் இன்றைய பேக்குகளில் அந்தச் செலவு இல்லை, ஆன் செய்யலாம்.

சிங்கப்பூர், மலேசியா என்றால் பழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். ரோமிங் பேக் போடாமல் டேட்டா ரோமிங்கை ஆனில் விட்டுப் போனால், நீங்கள் தொடாமலே போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் காசைத் தின்னும். வருகிற அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு. ஓடிபி வந்தால் போதும் என்பவர்கள் இந்திய சிம்மில் ரோமிங் வசதியை இங்கிருந்தே ஆன் செய்து, டேட்டாவை மட்டும் மூடிவிட்டு, நெட்டுக்கு அந்த ஊர் சிம் வாங்கலாம். தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போனாலும் கவனம் தேவை, அங்கே இலங்கை நெட்வொர்க் போனை வரவேற்று எஸ்எம்எஸ் அனுப்பும்.

கடைசியாகப் புகார். கடைக்காரப் பையனிடம் கத்துவது புகார் இல்லை. 198-க்கு அடித்து, புகார் எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் மேலே போக வழியில்லை. "சரி பண்ணிட்டோம்" என்று எஸ்எம்எஸ் வந்தும் சரியாகவில்லை என்றால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், காசு கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

90 நாள் பூட்டில் மாட்டிக்கொண்ட நானும் இந்த வழியில்தான் போனேன். "தண்டையார்பேட்டையில் டவர் இல்லை" என்று மொட்டையாக எழுதிய முதல் புகார் இரண்டே நாளில் மூடப்பட்டது. மேல்முறையீட்டில் பிளாக், மாடி, எந்த அறை, எத்தனை மணிக்கு, டிபிஎம் எவ்வளவு என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து ஒரு பொறியாளர் வந்தார். நான் ஆபீஸில் இருந்தேன். அம்மா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்க, அவரும் அங்கேயே நின்று அளந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"சார், இங்க நல்லா எடுக்குதே?"

"அது ஆறாவது படி சார். தயவுசெஞ்சு கிச்சனுக்குள்ள போங்க."

போனார். கால் கட்டானது.