தூக்கணாங்குருவி விட்டுப் போன மரமா? எங்கே தவறுகிறோம்

கிணற்றுப் பக்கம் சாய்ந்த கருவேலங்கிளை மோட்டாருக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிடுவதுதான் முதல் தவறு. தண்ணீருக்கு மேல் தொங்குகிறது என்பதற்காகவே தூக்கணாங்குருவி அந்தக் கிளையைப் பிடித்திருக்கும். முள்ளையும் தண்ணீரையும் தாண்டிப் பாம்போ பூனையோ கூட்டுக்கு வருவது கடினம். இடைஞ்சலான கிளையைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால் கூடு இல்லாத பக்கத்தில் கழியுங்கள்.

பனையிலும் இதே கதை. கூடுகள் ஓலை நுனியில்தான் தொங்கும். மட்டை கழிக்க ஏறுவதற்கு முன் சற்று நேரம் மரத்தைப் பாருங்கள். உச்சந்தலை மஞ்சளாக உள்ள ஆண்கள் வந்து போனால் இனப்பெருக்கக் காலம் நடக்கிறது. அரிவாளைக் கீழே வைத்துவிடலாம். அந்தக் காலம் போனால் ஆணும் மஞ்சளை இழந்து, பெண் சிட்டுக்குருவி போலாகிவிடும்.

அதிகம் நடக்கும் தவறு, கூட்டின் நிலையைத் தப்பாகக் கணிப்பது. அடிப்பக்கம் திறந்து, குறுக்கே ஒரு பட்டையோடு, தலைக்கவசம் போலத் தொங்குவதைப் பாதியில் கைவிட்ட கூடு என்று நினைத்து அறுத்து வருகிறார்கள். ஆண் அதுவரை கட்ட ஏறக்குறைய 8 நாள் ஆகும். பிறகு பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் முட்டை அறையும் குழாய் வாசலும் முழுமையாகும். மொத்தம் சுமார் 18 நாள் வேலை. இன்னொரு ஏமாற்று, நிறம். பச்சைக் கீற்றில் பின்னியது சில நாளிலேயே காய்ந்து பழுப்பாகிவிடும். பழுப்பு என்றால் பழசு என்று பொருளில்லை. அடைகாக்க 14 முதல் 17 நாள், குஞ்சு பறக்க மேலும் சுமார் 17 நாள் என்று, உள்ளே ஒரு மாதத்துக்கு மேல் உயிர் இருக்கும். வரவேற்பறையில் மாட்ட ஆசைப்படுவோருக்கு ஒன்று: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டைக்குள் அடங்கும்.

வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடிப்பதும் கெடுதல். கூடு பின்ன, நெல், கரும்பு, நீண்ட புல் இவற்றின் இலை ஓரத்தில் குருவி அலகால் ஒரு வெட்டு வைத்து, கவ்விக்கொண்டு பறக்கும்போது கீற்று நீளமாகக் கிழிந்து வரும். 20 முதல் 60 செ.மீ. நீளம் வேண்டும், கட்டையான புல்லில் அது கிடைக்காது. ஒரு பக்க வரப்பையாவது புல் விதை முற்றும் வரை விட்டுவையுங்கள், தீனியும் ஆகும். குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் வெட்டுக்கிளியும் என்பதால், கூடு நிறைந்த மரத்தைச் சுற்றிப் பூச்சிமருந்து அடித்தால் அதன் வயிற்றில்தான் அடி.

கதிர் பால் பிடிக்கும்போது இதே குருவி கூட்டமாக இறங்கி நெல்லைத் தின்னும், அதை மறுப்பதற்கில்லை. அதற்காகக் கூட்டு மரத்தடியில் வெடி போட வேண்டாம். வயலின் மேல் மினுங்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் இரையும். அறுவடை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். அறுந்த ரிப்பனிலும் நைலான் நூலிலும் கால் சிக்கிக்கொள்ளும்.

சிட்டுக்குருவிப் பெட்டி வாங்கி மாட்டுவது வீண் செலவு. தானே பின்னாத வீட்டுக்குள் தூக்கணாங்குருவி போகாது. விட்டுப் போன கூட்டையும் உடனே அறுக்காதீர்கள். சில்லைகள் என்னும் சிறு குருவிகள் அதில் ஒண்டிக்கொள்வதுண்டு, சில சமயம் முட்டையும் இடும்.