திறந்தவெளியில் நிற்கும் அம்பாசடருக்கு அளவான கவர்: நூல் பிடித்து அளப்பது எப்படி?

எங்கள் வீட்டு அம்பாசடர் 1984 மாடல், மார்க் 4. அப்பா வாங்கியது. டிங்கரிங் எல்லாம் முடித்து, பழைய முறையிலேயே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தேன். சென்னையில் எங்கள் வீட்டில் கொட்டகை போட இடமில்லை. வண்டி வாசலில் வானத்துக்குக் கீழேதான் நிற்கிறது. பெயின்ட் அடித்த எட்டாவது மாதம் கவரைக் கழற்றியபோது, டிக்கியின் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு செத்துப்போயிருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு. வெயிலும் மழையும் படாத இடம் அது. காற்றில் அடித்துக்கொண்டே இருந்த தொளதொள கவர்தான் தேய்த்திருக்கிறது.

அதையும் சேர்த்து இரண்டு கவர் வீணான பிறகு, மூன்றாவதைத் தைத்து வாங்கினேன். இப்போது இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. கற்றுக்கொண்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் முழுக்க அம்பாசடர்தான். பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளுக்கும் முறை அதுவே, அளவு மட்டும் மாறும்.

கடைக்குப் போகும் முன்

கடையில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வண்டி சார்?" அம்பாசடர் என்றால் பெரும்பாலும் பெரிய செடான் கவர் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டிக்கு உள்ள கவர். அந்த வண்டி 4440 மி.மீ. நீளம், அம்பாசடர் 4325 மி.மீ. பதினொரு சென்டிமீட்டர் கூடுதலாகவே இருக்கிறதே என்று நம்பிவிட்டேன்.

உயரத்தைப் பார்க்கவில்லை. சிட்டி 1495 மி.மீ., அம்பாசடர் 1593 மி.மீ. கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். அதைவிட முக்கியம் உருவம். புது வண்டிகளின் மூக்கு தாழ்ந்திருக்கும், முன் கண்ணாடி படுத்திருக்கும். அம்பாசடருக்கு மூக்கே நிமிர்ந்து நிற்கும், கண்ணாடி எழுந்து நிற்கும், கூரை பானைபோல உருண்டிருக்கும். அதனால் கவர் கூரையிலிருந்து நேராக முன் பம்பருக்குக் கூடாரம்போல இழுத்துக்கொண்டு நின்றது. பானெட்டும் கண்ணாடியும் சேரும் இடத்தில் கீழே வெற்றிடம். ஒரே மழையில் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் தேங்கி, அதன் பாரத்தில் எலாஸ்டிக் பம்பரைவிட்டு மேலே ஏறிவிட்டது. பக்கவாட்டில் துணி தொளதொள, முன்னும் பின்னும் இறுக்கம். காற்று உள்ளே புகுந்து அடிக்க இதைவிட வசதி வேண்டாம்.

ஆகவே "செடான் சைஸ்", "எக்ஸ்.எல்." என்ற பேச்சையெல்லாம் ஒதுக்கிவிடுங்கள். புத்தகத்தில் இருக்கும் நீள அகலமும் போதாது.

நூலால் அளவெடுப்பது

நான் இரண்டு முறை தவறியது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

இரும்பு டேப்பைப் பெயின்ட் மேல் வைக்கவே வைக்காதீர்கள். தையல் டேப் 60 அங்குலம்தான், நடுவில் மாற்றி மாற்றி வைக்கும்போது வழுக்கிப்போகும். நல்லது பருத்தி நூல் கயிறு, சுண்டுவிரலில் பாதி தடிமன் இருந்தால் போதும். நைலான் இழுபடும், வேண்டாம். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அளவு, முன்னிருந்து பின். முன் பம்பரின் கீழ் விளிம்பில், நட்ட நடுவில், நூலின் நுனியை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். அங்கிருந்து கிரில், பானெட், முன் கண்ணாடி, கூரை, பின் கண்ணாடி, டிக்கி என்று வந்து, பின் பம்பரின் கீழ் விளிம்பில் பேனாவால் நூலில் குறி போடுங்கள்.

இங்கேதான் சிக்கல். நூலை இழுத்துப் பிடித்தால் அது பானெட்டின் முனையிலிருந்து கூரைக்கு அந்தரத்தில் தாவிவிடும். பின்னால் கூரையிலிருந்து டிக்கிக்கும் அப்படியே. இரண்டாவது கவருக்கு நான் அப்படி இழுத்துப் பிடித்துத்தான் அளந்தேன். அந்த அளவுக்கு வாங்கிய கவரும் அதே கூடாரத்தைத்தான் போட்டது. துணையாள் கண்ணாடியும் பானெட்டும் சேரும் மூலையில் விரலால் நூலை அழுத்திப் பிடிக்க வேண்டும், பின்னால் கண்ணாடியும் டிக்கியும் சேரும் மூலையிலும் அதேபோல. என் வண்டியில் இழுத்துப் பிடித்த அளவுக்கும் அழுத்திப் பிடித்த அளவுக்கும் ஒரு அடி வித்தியாசம் வந்தது. அழுத்திய அளவு கிட்டத்தட்ட 5.9 மீட்டர். நேர் நீளம் 4.3 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து குறுக்கு அளவு. ஒன்று போதாது, மூன்று வேண்டும்: பானெட்டின் நடுவில், கூரையில் முன் கதவும் பின் கதவும் சேரும் தூணுக்கு நேராக, டிக்கியின் நடுவில். ஒவ்வொன்றையும் ஒரு பக்கக் கீழ் விளிம்பிலிருந்து மறுபக்கக் கீழ் விளிம்பு வரை எடுங்கள். கூரைக் குறுக்கு எனக்கு 4.1 மீட்டர் வந்தது. பானெட்டிலும் டிக்கியிலும் அதைவிடக் கணிசமாகக் குறைவு. ரெடிமேட் கவர்கள் பலவற்றில் இந்த வித்தியாசத்துக்கு வெட்டே கிடையாது, எலாஸ்டிக்கை நம்பிவிடுகிறார்கள். பானெட்டின் இருபுறமும் துணி மடிந்து மடிந்து தொங்குவது அதனால்தான்.

கடைசியாக, பக்கக் கண்ணாடிகளின் (மிரர்) இடம். பழைய வண்டிகள் சிலவற்றில் பக்கக் கண்ணாடி கதவில் இருக்காது, முன் மட்கார்டின் மேல் இருக்கும். கவரில் அந்தக் கண்ணாடிக்காகக் காது (சிறு பை) வைத்திருக்கும் இடம் புது வண்டிக்கு உரியது. அந்தக் காது வெறுமையாக ஆடும், உங்கள் கண்ணாடியின் முனை வேறு இடத்தில் துணியைக் குத்திக்கொண்டு நிற்கும். முன் பம்பரிலிருந்து கண்ணாடி வரை எவ்வளவு தூரம், எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா அளவுக்கும் நான்கு விரல் மட்டும் கூட்டுங்கள். அதற்குமேல் கூட்டினால் அது படபடக்கும் துணி.

துணி

ஒரே துணி எல்லா ஊருக்கும் சரிவராது. சென்னை போன்ற கடலோர ஊருக்கு என் தீர்ப்பு: முழுக்கத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பூச்சுத் துணி வேண்டாம். ராத்திரியில் தகரம் குளிரும்போது தரையிலிருந்து எழும் ஈரம் கவருக்குள்ளேயே வியர்த்து நிற்கும். காலையில் கவரைத் தூக்கினால் வண்டி குளித்ததுபோல இருக்கும். பழைய பெயின்டுக்கு அடியில் அந்த ஈரம் போனால் கொப்புளம், பிறகு துரு. பி.வி.சி. துணியை இன்னும் ஒரு காரணத்துக்காகத் தவிர்க்கிறேன்: வெயிலில் அதிலுள்ள மென்மையாக்கிகள் கசிந்து பெயின்டில் ஒட்டிக்கொள்ளும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது வெள்ளிப் பூச்சுப் போட்ட சில்வர் மேட்டி துணி. விலை குறைவு, எடை குறைவு, நிழலான இடத்துக்குப் போதும். நேர்வெயிலில் வெள்ளிப் பூச்சு உதிர ஆரம்பித்தால் அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்தத் தூள் பெயின்டில் தேயும். நான் கடைசியில் எடுத்தது பல அடுக்கு நெய்யாத துணி, உள்பக்கம் மென்மையான பருத்திப் பஞ்சு. பெருமழையில் சில சொட்டு உள்ளே வரும். ஆனால் வெயில் வந்த இரண்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். எனக்கு அதுதான் வேண்டும்.

கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம். துணியை வாயோடு அழுத்தி ஊதுங்கள், கொஞ்சமாவது காற்று மறுபக்கம் வர வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தையலை விரித்துப் பிடியுங்கள், ஊசித்துளை வழியே வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அங்கேதான் மழை இறங்கும், இரட்டைத் தையல் கேளுங்கள். மூன்றாவது என் விருப்பமான சோதனை: பழைய சி.டி. ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பளபளப்பான பக்கத்தைக் கவரின் உள்பக்கத்தால் பத்துமுறை அழுத்தித் தேயுங்கள். கீறல் விழுந்தால் அந்தத் துணி உங்கள் பெயின்டுக்கும் அதையே செய்யும். என்.சி., எனாமல் பெயின்டுகளுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு கிடையாது என்பதை மறக்கவேண்டாம். கீறல் நேராக நிறத்தில்தான் விழும்.

தைப்பதா, வாங்குவதா?

நான் தைக்கச் சொல்வேன். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு பக்கம் சீட் கவர், கார் கவர் தைப்பவர்கள் நிறைய. எனக்குத் தைத்துக்கொடுத்த பாய், நான் வண்டியின் போட்டோவைக் காட்டியபோது சிரித்தார். "போட்டோவைப் பாத்து சட்டை தைக்க முடியுமா சார்? வண்டிய எடுத்துட்டு வாங்க." என் நூல் அளவுகளைக் காட்டிய பிறகும், வண்டி மேலேயே துணியைப் போட்டு, சாக்பீஸால் கூரை விளிம்பையும் பானெட்டின் தோளையும் கோடு போட்டு, மறுநாள் வரச் சொன்னார். ரெடிமேட் விலையைப்போல இரண்டரை மடங்கு ஆனது. அதற்கு முன் வீணான இரண்டு கவர்களின் விலையைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மிச்சம்தான்.

தைக்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை சில. பம்பரின் கொம்புகள் படும் இடத்திலும் கூரையின் தண்ணீர்க் காடி விளிம்பு படும் இடத்திலும் உள்ளே இரட்டைத் துணி ஒட்டு. முதலில் கிழிவது அங்கேதான். கண்ணாடிக்கு உங்கள் அளவுப்படி காது. முன்னும் பின்னும் மட்டும் எலாஸ்டிக், பக்கவாட்டில் நாடா ஓடும் மடிப்பு. வண்டிக்கு அடியில் குறுக்கே போகும் இரண்டு பட்டைகள், பிளாஸ்டிக் பக்கிளோடு. இரும்புக் கொக்கி தந்தால் வாங்காதீர்கள், மாட்டும்போது கைதவறினால் கதவில் அடிக்கும். கவரின் முன்பக்கத்தில் வேறு நிற நூலால் ஓர் அடையாளத் தையல் போடச் சொல்லுங்கள். இருட்டில் முன் எது பின் எது என்று தேடி, தரையில் இழுத்து மண்ணாக்காமல் இருக்க அது ஒன்றே போதும்.

போட்டுப் பார்ப்பது

கவரை மாட்டிப் பட்டைகளை இறுக்கியதும், கதவுப் பக்கம் துணியைக் கிள்ளி இழுங்கள். ஒரு பிடிக்கு மேல் கையில் வந்தால் அது காற்றில் அடிக்கும், திருப்பிக் கொடுத்து உள்வாங்கச் சொல்லுங்கள். கீழ் விளிம்பு தரையைத் தொடக்கூடாது. ஒரு சாண் இடைவெளி இருந்தால்தான் காற்று ஓடும்.

ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு மூடாதீர்கள், சைலன்சர் குழாய் துணியை உருக்கிவிடும். அரைமணி பொறுங்கள். தூசியோடும் மூடாதீர்கள்.

பிறகு சேர்த்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர். கவரின் கீழ்ப்பாதி சேற்றுத்தண்ணீரில் ஊறி, ஒரு நாள் முழுக்கக் கதவுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து புயல் எச்சரிக்கை வந்தால் கவரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். பெருங்காற்றில் எந்தப் பட்டையும் முழுதாகத் தாங்காது, அறுந்த கவர் பாய்மரம்போல வண்டியை அறையும்.

மதுரை வாசகர் ஒருவர், கவர் போட்ட மாதமே எலி வந்து ஒயரைக் கடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். உண்மைதான். இருட்டும் கதகதப்பும் கிடைத்தால் எலி வரும். வாரம் ஒருமுறையாவது கவரை எடுத்து, பானெட்டைத் திறந்து, வண்டியை ஸ்டார்ட் செய்து நகர்த்துங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாரிஸ் மைனர் வைத்திருப்பவர், ஹாட்ச்பேக் கவர் போதுமா என்று கேட்டிருந்தார். நீளம் 3.76 மீட்டர், உயரம் 1.52 மீட்டர் என்பதால் எண்கள் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் ஹாட்ச்பேக்கின் பின்பக்கம் நெட்டுக்குத்தாக இறங்கும், மைனரின் முதுகு சரிந்து இறங்கும். அந்தச் சரிவுக்கு மேல் துணி பைபோல நிற்கும். நூல் பிடித்து, பின் கண்ணாடிக்குக் கீழே விரலால் அழுத்தி அளந்து, பின்பகுதியை மட்டுமாவது உள்ளூர் தையல்காரரிடம் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினேன்.

சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நேர் எதிர். உயரமே 1.32 மீட்டர்தான், எந்த ரெடிமேட் கவரும் பக்கவாட்டில் தொங்கும். நண்பருடைய ஹெரால்டில் நூல் அளவு எடுத்து வைத்திருக்கிறேன். பத்மினி மட்டும் கையில் இல்லை. வைத்திருப்பவர்கள் மேலே சொன்னபடி முன்பின் அளவு ஒன்று, குறுக்கு அளவு மூன்று, ஆக நான்கையும் கருத்துப் பகுதியில் போடுங்கள். மூன்று வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே அட்டவணையாக இங்கே போட்டுவிடுகிறேன்.