தலைமை ஆசிரியர் தரநிலைகளின் வரலாறு: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

சேலத்தில் எம்.எட். மாணவர்களின் ஒப்படைப்புகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. பள்ளித் தலைமைக்கான தொழில்முறைத் தரநிலைகள், அதாவது ஒரு தலைமை ஆசிரியர் எப்படிச் செயல்பட வேண்டும் என்று வகுத்த அளவுகோல்கள், எப்படி வந்தன என்று கேட்டால், வருஷா வருஷம் அதே தவறுகளோடு தாள்கள் வருகின்றன.

முதலில் ஆண்டுக் குழப்பம். அமெரிக்காவில் 1994-ல் பல மாநிலங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அது 1996-ல் ஆறு தரநிலைகளை வெளியிட்டது. 2008-ல் திருத்தினார்கள், அப்போதும் ஆறுதான். பத்தானது 2015-ல். "1996-ன் பத்துத் தரநிலைகள்" என்று எழுதியவர் எதையோ பார்த்து எழுதியிருக்கிறார், படித்து எழுதவில்லை.

எண்ணிக்கையைச் சரியாகப் போட்டுவிட்டு வாசகத்தைக் கவனிக்காமல் விடுவது அதைவிட மோசம். 1996-ல் பேச்சு "பள்ளி நிர்வாகி" பற்றியது. எல்லா மாணவர்களின் வெற்றி அவர் பொறுப்பு. 2008-ல் நிர்வாகி போய் "கல்வித் தலைவர்" வந்தார். "எல்லா மாணவர்கள்" என்பது "ஒவ்வொரு மாணவர்" ஆனது. 2015-ல் கற்றலோடு நல்வாழ்வும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் வரலாறே இந்தச் சொல் மாற்றங்களில்தான் இருக்கிறது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஒரு தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். மொத்த வருகை மோசமில்லை. ஆனால் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி பெயருக்கு நேரே ஒன்பது நாள் தொடர்ந்து "ஆ", அதாவது ஆப்சென்ட். அம்மா தோட்டத்துக்குப் போய்விட, இவள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தக் கணக்கில் அவள் தெரிய மாட்டாள். "ஒவ்வொரு" என்று சொன்னால்தான் தெரிவாள்.

அப்புறம் இங்கிலாந்து. 1997-ல் தலைமை ஆசிரியர்களுக்குத் தேசியத் தரநிலைகள் வந்தன. தகுதிச் சான்றிதழ் ஒன்றும் அதே ஆண்டில் தொடங்கியது. இரண்டும் ஒன்றல்ல. புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு 2009-ல் கட்டாயமாக்கி 2012-ல் கைவிட்டது சான்றிதழைத்தான். தரநிலைகள் 2015, 2020 என்று திருத்தப்பட்டுத் தொடர்கின்றன. அவை வழிகாட்டுதல், சட்டம் அல்ல.

நம் ஊர்ப் பக்கம் வந்தால் ஒன்று, ஒரு வரிகூட இருக்காது. இல்லையென்றால் எல்லாம் கலந்துகட்டி இருக்கும். அ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான 1952-53 இடைநிலைக் கல்விக் குழு தலைமை ஆசிரியர் பற்றித் தனியாகவே பேசியது. ஆனால் அது பரிந்துரை. 2012-ல் டெல்லியில் தொடங்கிய பள்ளித் தலைமைக்கான தேசிய மையம் தந்தது பயிற்சிக்கான பாடத்திட்டச் சட்டகம். 2020 கல்விக் கொள்கை சொல்லும் தேசியத் தொழில்முறைத் தரநிலைகளோ ஆசிரியர்களுக்கானவை. மூன்றையும் "இந்தியத் தரநிலைகள்" என்று ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கடைசியாக, அந்த அமெரிக்கப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து நம் எச்.எம்.மை அளப்பது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளி முதல்வர் ஆக மாநில உரிமம் வேண்டும். இங்கே அரசுப் பள்ளியில் பெரும்பாலும் பணிமூப்பில் வரும் பதவி உயர்வு. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் வகுப்பு ஆசிரியர்களுக்கு மேல் தலைமை ஆசிரியர் என்று தனி இடம். மலைக் கிராமத்துப் பள்ளிகள் எத்தனையில் அவ்வளவு பிள்ளைகள்? நான் பதிவேடு பார்த்த அன்று அந்த எச்.எம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் எமிஸ் என்ற அரசின் இணையவழிப் பள்ளித் தகவல் பதிவுக்குச் சிக்னல் தேடி வாசலுக்கு வந்தவர், "சார், அந்தப் பொண்ணு வீட்டுக்குச் சாயங்காலம் போகணும், நீங்களும் வரீங்களா?" என்றார்.