ஆடிக்காற்றில் வண்டி ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசி முடிந்து மேல்காற்று பிடித்துவிட்டால் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் வண்டி ஓட்டுவது வேறு தொழிலாகிவிடுகிறது. வருஷா வருஷம் புதுப் பையன்கள் லைசென்ஸோடு வந்து சேர்கிறார்கள். அந்த வயதில் நாங்கள் என்னென்ன செய்தோமோ, அதையே முதல் ஆடியில் அவர்களும் செய்கிறார்கள். பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேகமாகப் போகாதே, போன் பேசாதே என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை. காற்றைப் பற்றி மட்டும், அதிலும் லைசென்ஸ் எடுக்கும்போது யாரும் சொல்லித் தராததை மட்டும் சொல்கிறேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை 2,000 மீட்டருக்கு மேல் நிற்க, நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் முட்டி மழையாகக் கொட்டிவிடுகிறது. இங்கே மட்டும் நெருக்கிக்கொண்டு வேகமாகப் புகுந்து நம் சமவெளிக்கு வந்துவிடுகிறது. அதை நம்பித்தான் இத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். காற்றாலைக்கு நல்ல இடம், உயரமாகப் பாடி கட்டிய வண்டிக்குக் கெட்ட இடம்.

காற்றாலை சுற்றும் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது

"காத்தாடி மெதுவாத்தான் சுத்துதுங்கண்ணா, காத்து கம்மி" என்று கிளம்புகிற பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரிய காற்றாலை நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினாலே அதற்கு முழு ஓட்டம். ஓர் அளவுக்கு மேல் காற்று கூடினால் இறக்கையை லேசாகத் திருப்பிக்கொண்டு அதே வேகத்திலேயே ஓடும். காற்று நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் அளவைத் தொட்டால் பெரும்பாலான காற்றாலைகள் தாமாகவே நின்றுவிடும். வாங்க ஆளில்லாதபோது மின்சாரம் எடுக்காமல் நிறுத்தி வைப்பதும் உண்டு. ஆகவே நிற்கிற காற்றாலையைப் பார்த்து நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

ஆனால் காற்றாலையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓடுகிற காற்றாலையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. திசைக்கு அதைப் பாருங்கள். வேகத்துக்குத் தென்னை மட்டையைப் பாருங்கள், எதிரில் வரும் லாரியின் தார்ப்பாய் அடித்துக்கொள்வதைப் பாருங்கள்.

ரோடு எந்தத் திசையில் போகிறது என்று பார்க்காமல் ஏறுவது

பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் போகும் ரோடு கிழக்கு மேற்கு. அதில் காற்று முதுகில் தள்ளும் அல்லது முகத்தில் அடிக்கும். டீசல் கூடும், குறையும், பெரிய ஆபத்தில்லை. உடுமலை–பல்லடம், தாராபுரம்–காங்கேயம், பொள்ளாச்சி–கோவை, இவை தெற்கு வடக்கு. மேற்கிலிருந்து வரும் காற்று இந்த ரோடுகளில் வண்டியின் விலாவில் அடிக்கும்.

அதிலும் போகும் பக்கத்துக்கும் வரும் பக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. வடக்கே போனால் காற்று இடப்பக்கத்திலிருந்து வரும், வண்டியை வலப்பக்கம், எதிர்வண்டி வரும் பாதைக்குத் தள்ளும். தெற்கே வந்தால் இடப்பக்கம் தள்ளும், சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கும். காலையில் எந்தப் பக்கம் தள்ளியதோ, திரும்பும்போது அதற்கு நேர்மாறாகத் தள்ளும். கிளம்பும் முன்னால் இதை ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டால் கை தானாகத் தயாராக இருக்கும்.

"காலி வண்டிதானே"

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. லோடு ஏற்றிப் போகும்போது பையன் பதமாகப் போகிறான். சரக்கு அடுத்தவருடையது என்ற பயம் இருக்கிறது. இறக்கிவிட்டுத் திரும்பும்போது போன் வருகிறது: "காலி வண்டிதானுங்கண்ணா, ஒரு மணி நேரத்துல வந்தர்றேனுங்க." அதைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது, கோபமும் வருகிறது.

திருப்பூர்ப் பக்கம் பனியன் பெட்டி ஏற்றுகிற மூடிய பாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 19 அடி நீளம், 7 அடி உயரம். விலாப்பக்கத்துப் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். வண்டி நிற்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராகப் பக்கவாட்டில் அடித்தால், ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். காற்று 60 ஆனால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், 120 என்பார்கள். இல்லை, 240 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 90 கிலோமீட்டரில் ஒரு வீச்சு வந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும்.

உள்ளே லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்றுக்கு அந்தப் பரப்பு அதேதான். எதிர்த்து நிற்கிற எடைதான் மாறுகிறது. லோடோடு 10, 11 டன் வரும் வண்டி காலியாக 4 டன் சொச்சம். பஞ்சு அடைத்த பெட்டியையும் வெறும் பெட்டியையும் மொட்டை மாடியில் வைத்தால் எது முதலில் நகரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஸ்டியரிங் பிடித்தவுடன் அது மறந்துபோகிறது.

இன்னும் இருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் லோடுக்காகப் போட்டவை. காலியில் விறைத்துக்கொண்டு நிற்கும், சின்ன மேட்டில்கூடப் பின்சக்கரம் துள்ளும். டயரில் லோடுக்குப் பிடித்த காற்று அப்படியே இருப்பதால் தரையில் பதிகிற இடமும் சுருங்கியிருக்கும். சக்கரம் துள்ளுகிற நேரத்தில் வீச்சு ஒன்று வந்தால் வண்டியின் வால் ஒதுங்கிவிடும். இதோடு வண்டியின் சொந்த வேகமும் சேர்கிறது. அதே காற்றில் 80-ல் ஓடும் வண்டியின் விலாவில் விழும் விசை, 40-ல் ஓடும் வண்டியின் மேல் விழுவதைவிடக் கணிசமாக அதிகம். காலி என்பதற்காக மிதிக்கிறவன் எடையைக் குறைத்துக்கொண்டு விசையைக் கூட்டிக்கொள்கிறான்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பையன், உடுமலையில் சரக்கை இறக்கிவிட்டு குடிமங்கலம் நால்ரோட்டைத் தாண்டிப் பல்லடம் பக்கம் வந்துகொண்டிருந்தான். வடக்கே போகிற வண்டி, இடப்பக்கக் காற்று. அதனால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கமே பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தான். அதுவரை சரி. முன்னால் ஒரு பஸ். ஓவர்டேக் எடுத்தான். பஸ்ஸின் மறைவுக்குள் போனவுடன் காற்று நின்றுவிட்டது, பிடித்திருந்த பிடி மட்டும் நிற்கவில்லை. வண்டி பஸ் பக்கம் இழுத்தது. பயந்து வலப்பக்கம் ஒடித்தான். ஒடித்த கையோடு பஸ்ஸின் மூக்கைத் தாண்டினான். காற்று மறுபடி முழுசாக இடப்பக்கத்திலிருந்து விழுந்தது. அவன் ஒடித்ததும் காற்று தள்ளியதும் ஒரே பக்கம். வலப்பக்கக் காட்டுக்குள் இறங்கிக் குடை சாய்ந்துவிட்டது.

எதிரில் வண்டி வரவில்லை. பையனுக்குக் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. பாடியைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. தவணையில் வாங்கிய வண்டி. ஓட்டம் மூன்று மாதம் நின்றது, தவணை நிற்கவில்லை. அவன் அப்பா பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. நானே ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த பையன்.

என்ன செய்யலாம்? காலி மூடிய பாடியோடு தெற்கு வடக்கு ரோட்டில் 40, 50-க்கு மேல் வேண்டாம். காற்று பலமாக இருக்கிற மதியத்தில் ஓவர்டேக்கே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் முன் வண்டியிலிருந்து நன்றாக விலகிப் போங்கள், மறைவுக்குள் நுழையும்போது பிடியைத் தளர்த்துங்கள், வெளியே வரும்போது தள்ளு வரும் என்று எதிர்பார்த்து வாருங்கள். திறந்த பாடிக் கூண்டு வண்டியாக இருந்தால் தார்ப்பாயை அவிழ்த்து மடித்துப் போட்டுவிடுங்கள், காற்று ஊடே போகட்டும். திரும்புவதற்கு ஒரு லோடு பிடிக்க முடிந்தால் அதுவே நல்ல வழி. இல்லாவிட்டால் பொழுது சாயும் வரை டீக்கடையில் உட்காருங்கள். ஓனர் திட்டுவார். திட்டட்டும், நான் பேசிக்கொள்கிறேன் என்றுதான் என் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

லோடு இருக்கிறது என்று ஏமாறவும் வேண்டாம். பொள்ளாச்சித் தென்னை நார்க் கட்டு, வைக்கோல் போர், இவையெல்லாம் உயரம் அதிகம், எடை குறைவு. காற்றுக்கு அவையும் பாதிக் காலிதான்.

கதவைக் கையை விட்டுத் திறப்பது

கீல் பிய்ந்துவிடும். வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள்.

டூவீலர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது

காற்று தோளில் அடிக்கிறது, இறுகிய கை அந்த அசைவை அப்படியே ஹேண்டில்பாருக்குக் கொடுத்துவிடுகிறது. வண்டி ஆடுவதற்குப் பாதிக் காரணம் ஓட்டுகிறவரின் கைதான். முழங்கையைத் தளர்த்தி, முட்டியால் டேங்கைப் பிடித்து, உடம்பைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். வண்டி காற்றுப் பக்கம் லேசாகச் சாய்ந்தே ஓடும், அதை நிமிர்த்தப் போக வேண்டாம். எக்ஸ்எல்லில் பனியன் மூட்டையை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு இந்த ரோட்டில் வருகிற தம்பிகளுக்கு ஒரே வேண்டுகோள்: ஆடி முடிகிற வரை மூட்டையைப் பாதியாக்குங்கள்.

விமானம் கோணலாக இறங்குவதைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொள்வது

கோவை விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போகிற டாக்ஸி டிரைவர்கள் ஆடியில் இதைப் பேசாமல் இருப்பதில்லை. விமானம் மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி வருகிறது, பைலட்டுக்குக் கட்டுப்படவில்லை என்பார்கள். கட்டுப்படுவதால்தான் அப்படி வருகிறது. மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பினால்தான் விமானம் ஓடுபாதையின் கோட்டிலேயே நகரும். சக்கரம் தரையைத் தொடுகிற சமயத்தில் பைலட் மூக்கை நேராக்குவார்.

கோவை ஓடுபாதைக்கு 05, 23 என்று எண். வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று வரும் மாதங்களில் விமானம் நீலம்பூர் பக்கமிருந்து காற்றை எதிர்த்து இறங்க அது தோதானது. நேர் மேற்கிலிருந்து 50 கிலோமீட்டர் காற்று அடித்தாலும், ஓடுபாதைக்குக் குறுக்கே விழுவது சுமார் 32 கிலோமீட்டர்தான். ஏ320 போன்ற விமானத்தை, வீச்சையும் சேர்த்து 38 நாட், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர் குறுக்குக் காற்று வரை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதற்குள் விமான நிறுவனம் தன் எல்லையை வைத்துக்கொள்ளும். எல்லையைத் தாண்டினால் பைலட் மறுபடி மேலே ஏறிச் சுற்றுவார், அல்லது வேறு ஊருக்குப் போவார். எல்லையை அவர் தரையை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருக்கிறார். நம் வண்டிகளுக்கு அப்படி ஓர் எண்ணை யாரும் எழுதி ஒட்டவில்லை. அதனால் பல்லடத்தில் வண்டியை எடுக்கும்போதே டிரைவர் தனக்கென்று ஓர் எல்லையை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மரத்தடியில் நிறுத்துவது

ஆடியில் வேண்டாம். விளம்பரப் பலகைக்குக் கீழேயும் வேண்டாம்.

சித்திரை மழைக்காற்றையும் ஆடிக்காற்றையும் ஒன்றாக நினைப்பது

ஆடிக்காற்றுக்குத் திசை உண்டு, நாளெல்லாம் அடிக்கும், பழகிக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று ஒரேயடியாகக் கீழே இறங்கித் தரையோடு பரவுகிறது. கோபி, சத்தி, மேட்டுப்பாளையம் பக்கம் குலை தள்ளிய வாழைத்தோட்டத்தைச் சில நிமிஷங்களில் படுக்க வைத்துவிடுவது இதுதான். வானம் கறுத்து, எதிரில் ரோட்டில் புழுதி எழும்பி, திடீரென்று குளிர்ந்தால் அதற்குள் ஓட்டிப் போகாதீர்கள். மரம், கம்பி, பலகை இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, முகப்பைக் காற்றுப் பக்கம் திருப்பி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு உள்ளேயே இருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும்.